லமார்க்கும் முற்போக்காளரும்

உயிரியற் பாடநூல்களில் லமார்க் என்ற பெயருக்கு அரைப்பக்கத்துக்கு மேல் இடம் கிடைப்பது அரிது. உயர்ந்த கிளையை நோக்கிக் கழுத்தை நீட்டி நிற்கும் ஓர் ஒட்டகச்சிவிங்கியின் படம். அதன்கீழ், வாழ்நாளிற் பெற்ற இயல்புகள் சந்ததிக்குச் செல்லும் என இவர் கருதினார், அது தவறென நிறுவப்பட்டது என இரண்டு வாக்கியங்கள். மறுபக்கத்தில் டார்வின் வந்துவிடுகின்றார். பரீட்சைக்கு இவ்வளவே போதும்.

சில ஆண்டுகளுக்கு முன், உயிரியல் ஆசிரியர் வராத ஒரு பாடவேளையில், தமிழ் கற்பிக்கும் நாம் அவ்வகுப்பைப் பார்த்துக்கொள்ள நேர்ந்தது. அந்தப் படத்தைப் பார்த்துக்கொண்டிருந்த மாணவன் ஒருவன் எழுந்து, "பரம்பரை பரம்பரையாய்ப் படிக்காத ஆக்களின்ரை பிள்ளையளுக்குப் படிப்பு ஏறாது எண்டு சில பேர் சொல்லுகினம். அது இவர் சொன்னதுதானோ சேர்?" என்று கேட்டான். வகுப்பிற் சிலர் சிரித்தனர். கேட்டவன் சிரிக்கவில்லை. அச்சொற்களை அவன் எங்கே, எத்தகையோர் வாயிற் கேட்டிருப்பான் என்பது நாம் அறியாததன்று. அன்று அவசரமாக நாம் அளித்த விடை நமக்கே நிறைவு தரவில்லை. அவ்வினாவைப் பின்தொடர்ந்து சென்றபோது, அரைப்பக்கத்துள் அடக்கப்பட்ட அக்கொள்கைக்கு இருநூறு ஆண்டுகால வரலாறு உண்டென்பதையும், அவ்வரலாற்றிலே முற்போக்காளர் எனப்படும் நம்மனோர்க்கும் பங்குண்டென்பதையும் கண்டோம். அதனை ஈண்டு எடுத்துரைப்பது பயனுடையது எனக் கருதுகின்றோம்.

* * *

ஜோன் பப்டிஸ்ட் லமார்க் 1744ஆம் ஆண்டு வட பிரான்சின் பிக்கார்டிப் பகுதியிலே பிறந்தவர்; பதினொரு பிள்ளைகளுள் இளையவர். குடும்பம் பிரபுக் குடும்பமே. ஆயினும் பட்டம் இருந்ததேயன்றிப் பணம் இருக்கவில்லை. மதகுருவாகட்டும் எனத் தந்தையார் அவரை ஆமியன் நகரத்து யேசுசபைக் கல்லூரிக்கு அனுப்பினார். தந்தையார் இறந்ததும் அவர் கல்லூரியை விட்டுப் போர்முனைக்குச் சென்றார். ஏழாண்டுப் போரில், 1761இல், ஜேர்மனியக் களத்திலே அவர் காட்டிய துணிவு மிக இளவயதிலேயே அவரைப் படையதிகாரி ஆக்கிற்று. கழுத்தில் ஏற்பட்ட பாதிப்பினால் 1768இற் படையைவிட்டு நீங்கியவர், சிறியதோர் ஓய்வூதியத்தோடு பாரிஸ் நகரை அடைந்து, வங்கியொன்றிற் பணியாற்றியும் மருத்துவம் பயின்றும் காலங்கழித்தார். இறுதியில் அவரை ஆட்கொண்டது தாவரவியல்.

1778ஆம் ஆண்டைத் தாங்கி மூன்று தொகுதிகளாய் வெளிவந்த அவரது பிரெஞ்சு நாட்டுத் தாவர நூல், இலத்தீனில் அன்றிப் பிரெஞ்சு மொழியிலேயே எழுதப்பட்டிருந்தது. ஒரு செடியைக் கையில் வைத்துக்கொண்டு, இதுவா அதுவா என இரண்டில் ஒன்றைத் தெரிந்து தெரிந்து செல்லும் எவரும் அதன் பெயரை அடையத்தக்கவாறு அந்நூல் அமைக்கப்பட்டிருந்தது. அறிஞர் சிலரின் உடைமையாயிருந்த அறிவைப் பலருக்கும் உரியதாக்கிய அந்நூலே 1779இல் அவருக்கு அறிவியற் கழகத்தின் கதவைத் திறந்துவிட்டது. பின்னர் அரச தோட்டத்திலே சொற்ப ஊதியத்துக்கு உலர்தாவரத் தொகுதிகளைக் காக்கும் பணி கிடைத்தது.

அந்நிலையிலேயே புரட்சி வந்தது. அரசனின் தலை வீழ்ந்து ஐந்து மாதங்கள் முடியுமுன், 1793 ஜூன் 10ஆந் திகதி, தேசியப் பேரவை அரச தோட்டத்தை மக்களுக்குரிய இயற்கை வரலாற்று அருங்காட்சியகமாக மாற்றிச் சட்டமியற்றியது. பன்னிரண்டு பேராசிரியர் பதவிகள் உருவாக்கப்பட்டன. ஐம்பதை நெருங்கிக்கொண்டிருந்த தாவரவியலாளர் லமார்க்குக்குக் கிடைத்த பதவி வியப்பானது: பூச்சிகளும் புழுக்களும் நுண்ணுயிர்களும். பாலூட்டி, பறவை முதலிய 'மேலான' விலங்குகள் இருபத்தொரு வயது இளைஞர் ஜொஃப்ருவாவுக்குச் சென்றன. எஞ்சியதை ஏற்ற லமார்க், தாமறியாத துறையைத் தம் ஐம்பதாவது வயதிற் புதிதாகக் கற்கத் தொடங்கினார்.

எவரும் மதியாத அந்தப் புழுக்களே அவரை வரலாற்றில் நிறுத்தின. முள்ளந்தண்டில்லாத விலங்குகள் அனைத்தையும் பூச்சி, புழு என இரண்டே வகுப்புகளுள் திணித்திருந்தார் லின்னேயஸ். அவற்றை 'முள்ளந்தண்டிலிகள்' என ஒரு பெயரால் முதலில் வழங்கியவர் லமார்க். 1809 அளவில் அவற்றைப் பத்து வகுப்புகளாகப் பிரித்திருந்தார். உயிர் பற்றிய அறிவனைத்தையும் ஒரே துறையாகக் கொண்டு, 'பயோலொஜி' என்ற சொல்லை 1802இல் வழங்கியோருள்ளும் அவர் ஒருவர்.

பாரிசைச் சூழ்ந்த நிலத்தின் அடுக்குகளிலே கல்லாய்க் கிடந்த சிப்பிகளையும், கடலில் இன்று உயிரோடிருக்கும் சிப்பிகளையும் அவர் அருகருகே வைத்து நோக்கினார். சில ஒன்றாகவே இருந்தன. சில சிறிதே வேறுபட்டன. சில பெரிதும் வேறுபட்டன. இடையிடையே இவ்விரண்டையும் இணைக்கும் உருவங்கள் கிடைத்தன. ஓரினம் முடிந்து மற்றோரினம் தொடங்கும் எல்லை எங்கேயென்று கோடு கிழிக்க முயன்றவர், அக்கோடு அசைவதைக் கண்டார். 1800 மே 11ஆந் திகதி மாணவர் முன் ஆற்றிய தொடக்கவுரையில், உயிரினங்கள் நிலையானவை அல்ல, காலத்தால் மாறிவந்தவை என்னும் கருத்தை முதன்முதல் வெளியிட்டார்.

புரட்சி நடந்தது, ஆகவே கூர்ப்புக் கொள்கை பிறந்தது எனச் சூத்திரம் கூறிவிடுதல் எளிது. நம்மவர் பலர் அவ்வாறே எழுதியும் வந்துள்ளனர். ஆயின் அதே அருங்காட்சியகத்திலே, அதே புரட்சியின் பின்னர் பதவிபெற்ற கூவியே, உயிரினங்கள் மாறா என்பதையே இறுதிவரை வற்புறுத்தினார். புரட்சி லமார்க்குக்கு அளித்தவை பதவியும் சேகரிப்பும் அஞ்சாது பேசும் மேடையுமே. சிப்பிகளை ஒவ்வொன்றாகப் புரட்டிப் பார்த்தது அவரது கண். அக்கண் பின்னர் ஒளியிழந்தது என்பதையும் கீழே காண்போம்.

* * *

லமார்க்கின் கொள்கை முழுமை பெற்றது 1809இல் வெளிவந்த 'விலங்கியல் மெய்யியல்' என்னும் நூலில் ஆகும். அதிலே இரு ஆற்றல்கள் பேசப்படுகின்றன. ஒன்று, உயிருக்கு இயல்பாகவே உள்ளதென அவர் கருதிய, எளிமையினின்று சிக்கலை நோக்கிச் செல்லும் போக்கு. மற்றையது, அந்த நேரான போக்கை அங்குமிங்கும் வளைத்துக் கிளைக்கச் செய்யும் சூழலின் ஆற்றல். பாடநூல்கள் முதலாவதை மறந்து இரண்டாவதை மட்டுமே நினைவில் வைத்திருக்கின்றன.

சூழல் மாறினால் விலங்கின் தேவைகள் மாறும். தேவை மாறினால் பழக்கம் மாறும். பழக்கம் மாறினால் உறுப்புகளின் பயன்பாடு மாறும். இடைவிடாது பயன்படும் உறுப்பு வலுப்பெற்று வளரும். பயன்படாத உறுப்பு மெலிந்து ஈற்றில் மறையும். இது முதல் விதி. இவ்வாறு பெற்றனவும் இழந்தனவும், தாய் தந்தை இருவர்க்கும் பொதுவாயிருப்பின், சந்ததிக்குச் செல்லும். இஃது இரண்டாம் விதி. மண்ணுக்குள் வாழும் அகழெலியின் பார்வையிழந்த கண்ணும், புற்களிடையே ஊர்ந்துசெல்லும் பாம்பின் காலற்ற உடலும், நீர்ப்பறவையின் விரலிடைத் தோலும் அவர் காட்டிய உதாரணங்கள். ஒட்டகச்சிவிங்கி அந்நூலில் மிகச் சிறிய இடத்தையே பெறுகின்றது.

இங்கே மொழி பயின்றோர் கவனிக்கவேண்டிய செய்தியொன்று உண்டு. லமார்க் எழுதியது 'தேவை' என்னும் பொருள்தரும் சொல். விலங்கு விரும்பியதால் உறுப்பு முளைத்தது என்று அவர் கூறவில்லை. ஆயின் அவரது எதிரிகள் அதனை 'ஆசை' என்று திரித்தனர். நீந்த ஆசைப்பட்ட பறவைக்கு விரலிடையே தோல் வளர்ந்ததாம் என நகைத்தனர். ஆங்கிலத்திலும் தேவை, ஆசை ஆகிய இரண்டையும் குறிக்கும் ஒரே சொல்லால் அது வழங்கப்பட்டபோது அந்நகைப்பு நிலைபெற்றுவிட்டது. ஒரு சொல்லின் பொருள் பிறழ்ந்ததால் ஓர் அறிஞர் நூறாண்டுகளுக்கும் மேலாகக் கோமாளியாக்கப்பட்டார்.

மற்றுமொரு செய்தி. பெற்ற இயல்பு பிள்ளைக்குச் செல்லும் என்பது லமார்க் கண்டுபிடித்ததன்று. அஃது அவர் காலத்தில் ஏறத்தாழ எல்லோரும் நம்பிய பொதுக்கருத்து. நம்மவரிடையேயும் குலத்துக்குரிய வித்தை கற்பியாமலே கைவரும் என்ற நம்பிக்கை பழமையானது. எவரும் ஐயுறாத அதனை லமார்க் தம் கட்டடத்துக்கு ஒரு கல்லாக எடுத்துக்கொண்டார். அவர் புதிதாகச் சொன்னது உயிரினங்களுக்கு வரலாறு உண்டு என்பது. அவரது புதுமை மறக்கப்பட்டு, அவர் இரவல்வாங்கிய பழமையே இன்று அவர் பெயரால் வழங்குகின்றது.

உயிரினம் மாறும் என்ற அந்தப் புதுமைதான் கூவியேயின் பகையைத் தேடித்தந்தது. எகிப்தின் மீது நெப்போலியன் படையெடுத்தபோது உடன்சென்ற ஜொஃப்ருவா, கல்லறைகளிலிருந்து பதஞ்செய்யப்பட்ட விலங்குடல்களைக் கொண்டுவந்தார். பூனையும் முதலையும் அரிவாள்மூக்கன் பறவையும் அவற்றுள் இருந்தன. ஈராயிரம், மூவாயிரம் ஆண்டு கடந்த அவ்வுடல்களை ஆராய்ந்தபோது அவை இன்றுள்ள விலங்குகளினின்று வேறுபடவில்லை. உயிரினம் மாறுவதில்லை என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமோ என்றார் கூவியே. லமார்க்கின் மறுமொழி அமைதியானது: எகிப்தின் நிலமும் தட்பவெப்பமும் அக்காலத்தில் மாறவில்லை, அங்கே விலங்குகள் ஏன் மாறவேண்டும்? அன்றியும் மூவாயிரம் ஆண்டு என்பது மனிதனுக்கே நெடுங்காலம். பூமிக்கு அது கண்ணிமைப்பொழுது. பூமியின் வயதைச் சில ஆயிரம் ஆண்டுகளாக வேதநூலைக்கொண்டு கணித்திருந்த காலத்தில் இவ்வாறு பேசுதற்கு உள்ளுரம் வேண்டும்.

* * *

அவரது முதுமை துயரமானது. 1809இல் தமது புதிய நூலைப் பேரரசன் நெப்போலியனிடம் கையளிக்கச் சென்றபோது, அது லமார்க் ஆண்டுதோறும் வெளியிட்ட வானிலைக் குறிப்பேடுகளுள் ஒன்று என எண்ணி நெப்போலியன் அவரை எல்லோர் முன்னிலையிலும் கடிந்துகொண்டான். அது இயற்கை வரலாற்று நூல் என்று சொல்ல முயன்ற முதியவர் கண்ணீர் விட்டழுதார். அருகில் நின்ற வானியலறிஞர் அராகோ இக்காட்சியைத் தமது நினைவுக்குறிப்புகளிற் பதிந்துள்ளார். புரட்சியின் மேடை பேரரசின் மண்டபமாக மாறிவிட்டதை இதனினும் தெளிவாகக் காட்டும் காட்சி அரிது.

1818 அளவில் லமார்க் பார்வையை இழந்தார். முள்ளந்தண்டிலிகள் பற்றிய ஏழு தொகுதிப் பெருநூலின் (1815 - 1822) இறுதிப் பகுதிகளை அவர் சொல்லச்சொல்ல எழுதியவர் மகள் கொர்னேலி. 1829 டிசெம்பரில் லமார்க் இறந்தார். உடல் குறித்த காலத்துக்கு மட்டும் இடந்தரும் வாடகைக் குழியொன்றில் அடக்கம் செய்யப்பட்டது. தவணை முடிந்ததும் எலும்புகள் அகற்றப்பட்டன. இன்று அவருக்குக் கல்லறை இல்லை. நூல்களும் சேகரிப்புகளும் ஏலத்தில் விற்கப்பட்டன. அறிவியற் கழகத்துக்கென அவரைப் பற்றிய நினைவுரையைக் கூவியே எழுதினார்; கூவியேயும் இறந்த பின்னர், 1832 நவம்பரில், மற்றொருவர் அதனை வாசித்தார். புகழுரை என்னும் பெயரால் எழுதப்பட்ட அவ்வுரையில், விலங்குகளின் ஆசையே உறுப்புகளை உண்டாக்கும் என லமார்க் கூறியதாகக் காட்டப்பட்டது.

ஆயினும் கொள்கை சாகவில்லை. எடின்பரோ நகரில் ரொபட் கிராண்ட் என்னும் விலங்கியலாளர், 1826 - 1827இல், தம்மோடு கடற்கரையில் உலாவிய இளம் மாணவனொருவனிடம் லமார்க்கை வியந்து பேசினார். அம்மாணவன் சார்ல்ஸ் டார்வின். 1830களில் இலண்டனிலே திருச்சபையினதும் செல்வர்களினதும் ஆதிக்கத்தை எதிர்த்த தீவிர மருத்துவர்களும் ஏடுகளும் லமார்க்கைக் கையிலெடுத்தனர். அவர்கள் வாதம் நேரானது: கீழான உயிர் தன் முயற்சியால் மேலெழும் என்பது இயற்கையின் விதியாயின், கீழான வகுப்பினர் மேலெழுதல் இயற்கைக்கு முரணானதாகுமோ? லமார்க்கின் கொள்கை முற்போக்காளரின் கொள்கை ஆனமை இவ்வாறே. அக்கொள்கையை அவர்கள் சான்று தேடி ஏற்கவில்லை. அது தம் நம்பிக்கைக்கு இசைந்ததால் ஏற்றனர் என்பது மனங்கொள்ளத்தக்கது.

1859இல் டார்வினின் நூல் வெளிவந்தது. ஓரினத்தின் உறுப்பினரிடையே பிறவியிலேயே வேறுபாடுகள் உண்டு. சூழலுக்கு ஏற்ற வேறுபாடு உடையவை மிகுதியாகப் பிழைத்துச் சந்ததி பெருக்கும். நெடுங்காலத்தில் இனமே மாறும். நீண்ட கழுத்து முயற்சியால் வந்ததன்று. நீண்ட கழுத்தோடு பிறந்தவை எஞ்சின என்பது அதன் பொருள். ஆயினும் பயன்பாட்டினால் வரும் மாற்றம் சந்ததிக்குச் செல்லும் என்ற பழங்கருத்தை டார்வினும் கைவிட்டாரல்லர். லமார்க் ஒருபுறம், டார்வின் மறுபுறம் எனப் பாடநூல் கிழிக்கும் கோடு, டார்வினின் நூல்களில் இல்லை.

அக்கோட்டைக் கிழித்தவர் ஜேர்மனிய விலங்கியலாளர் ஓகஸ்ட் வைஸ்மன். உடலை அமைக்கும் கலங்கள் வேறு, சந்ததியை உண்டாக்கும் கலங்கள் வேறு. உடலுக்கு நேர்வது சந்ததிக் கலத்திற் பதிவதில்லை என 1883இல் அவர் வாதிட்டார். வெள்ளெலிகளின் வாலை வெட்டி வெட்டி ஐந்து தலைமுறை வளர்த்தார். பிறந்த குட்டிகள் 901. ஒன்றுகூட வாலின்றிப் பிறக்கவில்லை. நம்மவர்க்கு இவ்வாய்வு புதுமையானதன்று. எத்தனையோ தலைமுறையாகக் காது குத்தி வந்தும், ஒவ்வொரு குழந்தைக்கும் புதிதாகத்தானே குத்தவேண்டியிருக்கின்றது! வெட்டப்படுவது வேறு, பழக்கத்தால் வளர்வது வேறு என லமார்க்கின் வழிவந்தோர் மறுத்தனர். அம்மறுப்பில் நியாயம் உண்டு. ஆயின் பழக்கத்தால் வளர்ந்தது பிள்ளைக்குச் சென்றது என்பதற்கு அவர்களால் ஐயத்துக்கிடமற்ற ஒரு சான்றையேனும் காட்ட முடியவில்லை. 1900இல் மெண்டலின் விதிகள் மீண்டும் கண்டெடுக்கப்பட்டு, பரம்பரை அலகுகள் பற்றிய அறிவியல் வளர வளர, வைஸ்மனின் பக்கமே வலுப்பெற்றது.

* * *

இதன் பின்னர் நடந்ததே நமக்குக் கசப்பான பாடம்.

மனிதக் குரங்கு மனிதனாக மாறியதில் உழைப்பின் பங்கு பற்றி ஏங்கல்ஸ் 1876இல் எழுதிய கட்டுரையை முற்போக்கு இலக்கியம் பயின்றோர் அனைவரும் அறிவர். கை விடுதலை பெற்றது, கருவியைப் பிடித்தது, கையே மூளையை வளர்த்தது என்னும் அதன் மையக்கருத்து இன்றும் ஆய்வாளரால் மதிக்கப்படுவது. ஆயின் உழைப்பாற் கை பெற்ற திறன் தலைமுறை தலைமுறையாக உடல்வழி இறங்கிற்று என்ற இடத்தில் ஏங்கல்ஸ் தம் காலத்துப் பொதுக்கருத்தையே பின்பற்றினார். டார்வினே கைவிடாத கருத்தை அவர் கைக்கொண்டது குற்றமாகாது. வைஸ்மனுக்கும் மெண்டலுக்கும் பின்னரும் அதனை வேதவாக்காகப் பற்றிநின்றதே பின்வந்தோரின் குற்றம்.

அதனைப் பற்றிநிற்கக் காரணம் இருந்தது. பரம்பரையே விதி என்று பேசிய மேனாட்டு அறிஞர் பலர், ஏழைகள் தாழ்ந்த பரம்பரையினர், அவர்கள் பெருகுதல் ஆகாது என்றும் பேசினர். அப்பேச்சு நாஜிகளின் கையிற் கொலைத்தொழிலாயிற்று. அதற்கு மாறாக, சூழலைத் திருத்தினால் மனிதன் திருந்துவான், திருந்தியது அவன் குருதியிலும் நிலைக்கும் என்ற கொள்கை எவ்வளவு இனிமையானது! வியன்னாவில் தேரைகளை வைத்து ஆராய்ந்து அக்கொள்கைக்குச் சான்று காட்டினார் போல் கம்மரர் என்னும் சமவுடைமையாளர். 1926இல், அவர் காட்டிய தேரையின் கையிலிருந்த கரிய அடையாளம் செலுத்தப்பட்ட மை என வெளிப்பட்டது. மையிட்டவர் யாரென்பது தெளிவாகுமுன் அவர் தற்கொலை செய்துகொண்டார். சோவியத் நாட்டில் அவர் கதை, சதிக்குப் பலியான அறிஞரின் கதையாகத் திரைப்படமாயிற்று.

அதன்பின் வந்தவர் துரோஃபிம் லைசென்கோ. உழவர் குடும்பத்தில் தோன்றியவர். விதையை நனைத்துக் குளிரூட்டி விளைச்சலைப் பெருக்கலாம் என்று 1929 அளவிற் புகழ்பெற்றவர். தோட்டக்கலைஞர் மிச்சூரினின் பெயரால் அவர் பரப்பிய கொள்கை, சூழலாற் பெற்ற இயல்பு பரம்பரையாகும் என்பதே. பரம்பரை அலகு என ஒன்றில்லை. அது முதலாளித்துவப் பொய் என்றார். பட்டினியைக் கண்ட நாட்டுக்கு விரைவில் விளையும் கோதுமை வேண்டியிருந்தது. பரம்பரை ஆய்வாளர் ஆண்டுகள் கேட்டனர், லைசென்கோ பருவங்களே போதும் என்றார். உலகெங்கும் அலைந்து பயிர்விதைகளைத் திரட்டி, லெனின்கிராட்டிலே உலகின் மாபெரும் விதைக்களஞ்சியத்தை அமைத்தவர் நிக்கொலாய் வவிலோவ். தொடக்கத்தில் லைசென்கோவை ஊக்குவித்தவரும் அவரே. 1940 ஓகஸ்டில் அவர் கைதுசெய்யப்பட்டார்; 1943 ஜனவரியில் சராட்டோவ் சிறையில் இறந்தார். மக்களின் பசியைப் போக்க விதை திரட்டியவர் சிறையிற் பசியால் நலிந்து மாண்டார்.

1948 ஓகஸ்டில், வேளாண்மைக் கழகத்தின் கூட்டத்தில், தம் அறிக்கையைக் கட்சியின் மத்திய குழு ஏற்றுக்கொண்டுவிட்டது என லைசென்கோ அறிவித்தார். அத்தோடு வாதம் முடிந்தது. பரம்பரையியல் கற்பித்தோர் பதவியிழந்தனர், பாடநூல்கள் அகற்றப்பட்டன. அவ்வாண்டே லமார்க்கின் தாயகமாகிய பிரான்சில், கவிஞர் லூயி அரகோன் தாம் சார்ந்த ஏட்டிலே லைசென்கோவுக்காக வாதாடினார். பொதுவுடைமைக் கட்சியின் மத்திய குழுவிலிருந்த விலங்கியற் பேராசிரியர் மார்செல் பிறெனான், மனமறிந்து அதனை ஏற்க மறுத்தமையால் 1950இற் குழுவில் இடமிழந்தார். பின்னர் இந்தியாவுக்கு வந்து வாழ்ந்த ஹோல்டேனும் ஏறத்தாழ அக்காலத்திலேயே பிரித்தானியக் கட்சியினின்று விலகினார். சோவியத் நாட்டில் லைசென்கோவின் செல்வாக்கு ஒடிய 1964 - 1965 ஆகிற்று. அதற்குள் ஒரு தலைமுறை மாணவர் அறிவியலை இழந்திருந்தனர். கவிஞரும் கட்டுரையாளரும் தாம் அறியாத துறையிலே தம் விருப்பத்தைச் சான்றாகக் கொண்டமையை, இலக்கிய ஏடுகளில் எழுதும் நாம் மறத்தல் தகாது.

இவ்வளவு விலை கொடுத்துக் காக்கப்பட்ட அக்கொள்கை, உண்மையிலே முற்போக்கானதுதானா? 1936 டிசெம்பரில், சோவியத் நாட்டிற் பணியாற்றிய அமெரிக்கப் பரம்பரையியலாளர் ஹெர்மன் மல்லர், லைசென்கோ இருந்த அவையிலேயே இவ்வினாவை எழுப்பினார். பெற்றவையெல்லாம் குருதியில் இறங்குமாயின், நூற்றாண்டுகளாக வறுமையும் நோயும் கல்வியின்மையும் பெற்றுவந்த உழைக்கும் மக்களும் அடிமைப்பட்ட இனங்களும் பிறவியிலேயே தாழ்ந்துவிட்டனர் என்றல்லவா கொள்ளவேண்டும் என்பது அவர் வாதத்தின் சாரம். மனிதப் பரம்பரையைத் தெரிந்தெடுத்து மேம்படுத்தலாம் என மல்லர் கொண்டிருந்த கருத்துகளோடு நமக்கு உடன்பாடில்லை. ஆயினும் இவ்வாதம் மறுக்கவொண்ணாதது. இஃது வெறும் ஊகமுமன்று. ஐரோப்பியரின் அறிவு தலைமுறைகளாகச் சேர்ந்த பயிற்சியின் பேறு, 'காட்டு' மக்களுக்கு அது வாய்க்கவில்லை என ஹேர்பட் ஸ்பென்சர் எழுதியது பெற்ற இயல்பின் பரம்பரையைக் கொண்டே. அமெரிக்காவில் லமார்க் வழியினரின் முன்னணியில் நின்ற எட்வர்ட் கோப், பெண்களின் வாக்குரிமையை எதிர்த்தவர். கறுப்பின மக்களைத் தாழ்ந்தோர் என்றவர். ஒரே கத்தியை இருபக்கத்தாரும் பிடித்தனர். அதன் கூர் எப்பொழுதும் ஒடுக்கப்பட்டோரை நோக்கியே இருந்தது.

* * *

இக்காலத்திலே லமார்க் மீண்டும் எழுந்துவிட்டார் எனச் சிலர் எழுதக் காண்கின்றோம். அதிலும் ஓரளவு உண்மை உண்டு. பரம்பரை அலகின் எழுத்து மாறாமலே, அது செயற்படும் அளவை மாற்றும் இரசாயனக் குறிகள் உண்டென்று இன்று அறிவோம். சில புழுக்களிலும் தாவரங்களிலும் சூழலால் வந்த இத்தகைய குறிகள் சில தலைமுறை வரை செல்கின்றன. 1944 - 1945 குளிர்காலத்தில் ஒல்லாந்து மக்கள் பட்டினியில் வாடியபோது கருவிலிருந்தோரின் உடலில், அறுபது ஆண்டுகளின் பின்னரும் அத்தகைய குறிகளின் வேறுபாடு காணப்பட்டதை 2008இல் வெளியான ஆய்வு காட்டிற்று. ஆயின் அவர்கள் தாமே கருவிற் பட்டினி கண்டவர்கள். பட்டினியை மரபாகப் பெற்றவர்கள் அல்லர். பாலூட்டிகளில் இக்குறிகளின் பெரும்பகுதி ஒவ்வொரு கருவிலும் அழிக்கப்பட்டு மீண்டும் எழுதப்படுகின்றது. திறனும் கல்வியும் இவ்வழியிற் குருதிக்குள் இறங்குகின்றன என்பதற்குச் சான்று இல்லை. பசி விட்டுச்செல்லும் வடுவுக்கு மருந்து கருவுற்ற தாய்க்கு உணவு என்பதே அவ்வாய்வு நமக்குத் தரும் செய்தி.

இப்பொழுது அம்மாணவனின் வினாவுக்கு விடை கூறலாம். பரம்பரையாகப் படிக்காதோரின் பிள்ளைகளுக்குப் படிப்பு ஏறாது என்பது லமார்க் சொன்னதன்று. ஆயினும் அவர் நம்பிய ஒரு விதி உண்மையாயிருந்தால் அவ்வாறு சொல்ல ஒரு வழி இருந்திருக்கும். அவ்விதி உண்மையன்று. பாட்டன் சுமந்த சுமையாற் பேரனின் முதுகு கூனிப் பிறப்பதில்லை. பாட்டனுக்கு மறுக்கப்பட்ட எழுத்து பேரனின் மூளையில் வெற்றிடமாய் வந்து அமர்வதும் இல்லை. புலவரின் மகனும் அகரத்திலிருந்தே தொடங்கவேண்டும். கூலியாளின் மகளும் அதே அகரத்திலிருந்துதான் தொடங்குகின்றாள். பிறவித் திறன்களில் வேறுபாடு இல்லையென்பதன்று. அவ்வேறுபாடுகள் குடிசையிலும் கல்வீட்டிலும் ஒருங்கே பிறக்கின்றன.

அவ்வாறாயின் தலைமுறைகள் விட்டுச்செல்வது ஒன்றுமில்லையோ? உண்டு. வீட்டிலுள்ள நூல், இரவில் எரியும் விளக்கு, வயிற்றுக்கு உணவு, சொல்லித்தர ஒருவர், நாற்காலியில் அமர உரிமை: இவையே அவை. மனிதன் பெற்றவற்றைச் சந்ததிக்கு அளிப்பது உடல்வழியன்று; மொழிவழி, கருவிவழி, பள்ளிவழி. அளிக்கப்படுவது போலவே அது மறுக்கப்படவும் கூடும். நம் நாட்டிற் பள்ளிக் கதவு யாருக்கு அடைக்கப்பட்டிருந்தது, வகுப்புக்குள் வந்த பின்னரும் யார் நிலத்தில் இருத்தப்பட்டனர் என்பது முதியோர் பலருக்கு இன்னும் நினைவிலிருக்கின்றது. அங்கே நடந்தது பரம்பரையியலன்று. மனிதர் செய்தது, ஆதலின் மனிதரால் மாற்றத்தக்கது.

லமார்க்கின் நூல் வெளிவந்து நூறாண்டு நிறைந்த 1909இல், பாரிஸ் தாவரத் தோட்டத்தின் வாயிலருகே, பல நாட்டார் அளித்த நன்கொடையால் அவருக்குச் சிலையெழுப்பப்பட்டது. அதன் பீடத்திலே, பார்வையற்ற முதியவரின் அருகில் நின்று, பின்வருவோர் உம்மைப் போற்றுவர் என்ற கருத்தில் மகள் தேற்றும் காட்சி செதுக்கப்பட்டுள்ளது. உயிருக்கு வரலாறு உண்டென்று கண்டதற்காக அவரைப் போற்றுவோம். அவர் இரவல்வாங்கிய பிழையை, அது நம் விருப்பத்துக்கு இனிமையாய் இருந்தபோதிலும், பிழையென்றே மாணவர்க்குச் சொல்வோம். நம்மிடம் அவ்வினாவைக் கேட்ட மாணவன் அவ்வகுப்பைக் கடந்து சென்றுவிட்டான். அதே வினாவை மனத்துட் கொண்டு, கேட்க அஞ்சி அமர்ந்திருப்போர் இன்றும் நம் வகுப்புகளில் இருக்கின்றனர். அவர்கள் எழுந்து கேட்குமட்டும் நாம் காத்திருத்தல் ஆகாது.